ஃபேக்டரி கட்டும் கேம்களில் எது தவறு, எது தவறே இல்லை

சாட்டிஸ்ஃபேக்டரி கேமைப் புதிதாக வாங்கியவருக்கு முதலில் கிடைக்கிற அறிவுரை, "ஆரம்பத்திலேயே ஒழுங்காகக் கட்டுங்கள், இல்லையென்றால் பின்னால் எல்லாம் இடியாப்பச் சிக்கலாகிவிடும்" என்பதுதான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை அப்படியே நம்பி, முதல் நாளே கால்குலேட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, யாரோ வரைந்த படத்தைப் பார்த்து மெஷின்களை அடுக்குகிறவர்தான் சீக்கிரம் சலித்துப்போய் விலகுகிறார். சரக்கை ஏற்றிச் செல்லும் பெல்ட்டுகள் சிக்கலாகக் கிடப்பது இந்த வகைக் கேம்களில் தவறே இல்லை. தவிர்க்க வேண்டியவை வேறு.

கேமைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஸ்வீடனில் இருக்கும் காஃபி ஸ்டெயின் ஸ்டுடியோஸ் செய்தது இது. 2019 மார்ச்சில் முழுமையடையாத நிலையிலேயே விற்பனைக்கு வந்து, 2024 செப்டம்பர் 10 அன்று முழு வடிவம் பெற்றது. ஃபிக்ஸிட் என்ற கம்பெனி உங்களை வேற்றுக் கிரகம் ஒன்றில் தனியாக இறக்கிவிடுகிறது. அங்கே இரும்பு, செம்பு, நிலக்கரி எல்லாம் கிடக்கின்றன. தோண்டி, உருக்கி, பாகம் பாகமாகச் செய்து, விண்வெளி லிஃப்டில் ஏற்றி மேலே அனுப்ப வேண்டும். கதை அவ்வளவுதான். அதைக் கதை என்று சொல்வதே அதிகம்.

அப்புறம் எது ஆட்களை ராத்திரி இரண்டு மணி வரை உட்கார வைக்கிறது? ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பார்ப்போம். 'ரீஇன்ஃபோர்ஸ்டு அயர்ன் பிளேட்', அதாவது வலுவூட்டிய இரும்புத் தகடு, ஆரம்பக் கட்டத்திலேயே தேவைப்படும். பாகங்களைச் சேர்த்துப் பொருத்தும் மெஷினான அசெம்பிளர் ஒன்று நிமிடத்துக்கு 5 செய்யும். அதற்கு நிமிடத்துக்கு 30 இரும்புத் தகடும் 60 திருகாணியும் வேண்டும். 30 தகடுக்கு 45 இரும்புக் கட்டி. 60 திருகாணிக்கு 15 கம்பி, 15 கம்பிக்கு 15 கட்டி. ஆக மொத்தம் 60 கட்டி. தாதுவை உருக்கிக் கட்டியாக்கும் ஸ்மெல்ட்டர் ஒன்று 30 தரும் என்பதால் இரண்டு ஸ்மெல்ட்டர். நடுத்தர வளமுள்ள இரும்புத் தாது ஊற்று ஒன்றின் மேல், தோண்டும் மெஷினான மைனரில் முதல் நிலையை வைத்தால் நிமிடத்துக்குச் சரியாக 60 தாது வரும். முதல் நிலை பெல்ட் தாங்குவதும் 60தான். எல்லாம் அச்சடித்தாற்போல் பொருந்திவிட்டது என்று நிமிர்ந்து உட்காரும்போதே கரண்ட் போய்விடும். மைனருக்கு 5 மெகாவாட், ஸ்மெல்ட்டர்களுக்கு 8, தகடு, கம்பி, திருகாணி செய்யும் ஐந்து கன்ஸ்ட்ரக்டர்களுக்கு 20, அசெம்பிளருக்கு 15. கூட்டினால் 48. தலைமையகத்தோடு வரும், இலையும் விறகும் எரித்துக் கரண்ட் தரும் இரண்டு பயோமாஸ் பர்னர்களும் சேர்ந்து கொடுப்பது 40.

இந்த இடம்தான் ருசி. ஒரு கணக்கைச் சரியாகப் போட்டதாலேயே அடுத்த கணக்கு முளைக்கிறது. அதை யாரும் உங்களுக்கு வைக்கவில்லை, நீங்களே உண்டாக்கியது. அடுத்தவர் போட்ட ப்ளூபிரிண்டை, அதாவது தயார்நிலைக் கட்டுமான வரைபடத்தை, இறக்கி ஒட்டினால் இது மொத்தமும் கைநழுவிப் போகும். இந்தக் கேம்களில் செய்யக்கூடிய பெரிய தவறு இதுதான் என்பேன். ரயில் சிக்னலோ அணுமின் நிலையமோ புரியாதபோது வீடியோ பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் முதல் இரும்பு வரிசையையே பார்த்துக் கட்டுவதற்கு, கேமை வாங்காமல் அந்த வீடியோவையே பார்த்துவிட்டுப் போகலாம்.

இதன் இன்னொரு முகம், இடிக்கப் பயப்படுவது. நிஜ வாழ்க்கையில் சுவரை இடித்தால் செங்கலும் போச்சு, கூலியும் போச்சு. சாட்டிஸ்ஃபேக்டரியில் எதை இடித்தாலும் போட்ட பொருள் முழுவதும் அப்படியே திரும்பி வரும். ஒரு கம்பி கூடக் குறையாது. தாது ஊற்றுகளும் வற்றுவதே இல்லை. அதனால் முதலில் கட்டும் ஃபேக்டரி கடைசி வரை நிற்க வேண்டும் என்ற அவசியமே கிடையாது. கன்னாபின்னாவென்று கட்டி, எங்கே முட்டுகிறது என்று பார்த்துவிட்டு, பிறகு பக்கத்திலேயே புதிதாக ஒன்று கட்டுங்கள். பழையதையும் உடனே இடிக்க வேண்டாம். புதியது ஓட ஆரம்பிக்கும் வரை அதிலிருந்து வரும் தகடும் திருகாணியும்தான் உங்கள் கட்டுமானச் சரக்கு.

சரி, கரண்டுக்கு வருவோம். அதிகம் பேர் அடிபடுவது இங்கேதான். தேவை உற்பத்தியைத் தாண்டினால் விளக்கு மங்காது, மெஷின் மெதுவாகாது. ஃப்யூஸ் போய் அந்த இணைப்பில் உள்ள எல்லாமே ஒரேயடியாக நின்றுவிடும். பவர் வரைபடத்தில் இப்போது எவ்வளவு செலவாகிறது என்ற கோட்டைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அதிகபட்சச் செலவு என்ற கோட்டை. காரணம், சரக்கு நிறைந்து சும்மா நிற்கும் மெஷின் அநேகமாகக் கரண்டே இழுப்பதில்லை. பாதி மெஷின்கள் தூங்கும்போது செலவுக் கோடு தாழ்ந்து கிடக்கும், நீங்களும் தைரியமாக இன்னும் நாலு மெஷின் வைப்பீர்கள். பிறகு ஒருநாள் பெட்டிகளைக் காலி செய்து சரக்கை எடுத்துக்கொண்டு கிளம்புவீர்கள். தூங்கியவை எல்லாம் ஒன்றாக எழுந்துகொள்ளும். அடுத்த நிமிடம் இருட்டு.

நிலக்கரி மின்நிலையத்துக்கு மாறிய பிறகு இது இன்னும் மோசம். ஜெனரேட்டருக்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீர் இறைக்கும் பம்புக்குக் கரண்ட் வேண்டும். ஃப்யூஸ் போனால் பம்ப் நிற்கும், தண்ணீர் நின்றால் ஜெனரேட்டரை மறுபடி எழுப்ப முடியாது. பம்புகளையும் நிலக்கரி மைனரையும் தனி இணைப்பில் வைத்து, அதற்கென்று சில ஜெனரேட்டர்களை ஒதுக்கிவிடுவது நல்லது. குறைந்தபட்சம் பழைய பயோமாஸ் பர்னர்களை இடிக்காமலாவது வையுங்கள். இலையும் விறகும் பொறுக்கிப் போடும் அந்த வேலை எரிச்சலானதுதான், ஆனால் ஃபேக்டரியை மறுபடி உசுப்ப அதுதான் கைகொடுக்கும்.

தண்ணீரில் இன்னொரு பொறி இருக்கிறது. ஒரு நிலக்கரி ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 45 கன மீட்டர் குடிக்கும், ஒரு பம்ப் 120 தரும். எட்டு ஜெனரேட்டருக்கு 360, மூன்று பம்புக்கும் 360. இந்த 3-க்கு 8 கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் மூன்று பம்பையும் ஒரே குழாயில் சேர்த்து ஒரு முனையிலிருந்து விட்டால் கடைசி ஜெனரேட்டர்கள் விட்டு விட்டுத்தான் ஓடும். ஏனென்றால் முதல் நிலைக் குழாய் 300க்கு மேல் தாங்காது. பம்ப் எண்ணிக்கை சரி, ஜெனரேட்டர் எண்ணிக்கை சரி, எங்கும் கசிவு இல்லை, ஆனாலும் கரண்ட் ஏறி இறங்கும். தலையைப் பிய்த்துக்கொள்ளத் தோன்றும். இரண்டு பம்பை ஒரு முனையிலும் மூன்றாவதை மறு முனையிலும் இணைத்துவிட்டால் எந்த இடத்திலும் குழாய் 300ஐத் தாண்டாது. உயரத்தையும் கவனியுங்கள். பம்ப் தானாகத் தண்ணீரை ஏற்றுவது 10 மீட்டர்தான். அதற்கு மேலே மின்நிலையம் இருந்தால் நடுவில் குழாய் பம்ப் ஒன்று வேண்டும்.

பெல்ட் விஷயத்தில் நடப்பது பெரும்பாலும் தவறு கூட இல்லை, பொறுமையின்மை. எட்டு மெஷின்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் முன்னாலும் சரக்கைப் பிரித்துவிடும் ஸ்ப்ளிட்டர் ஒன்று போட்டு, ஒரே பெல்ட்டை ஓட்டுகிறீர்கள். முதல் மெஷின் பாதிச் சரக்கை விழுங்குகிறது, கடைசி மெஷின் பட்டினி கிடக்கிறது. உடனே எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு, சரிசமமாகப் பங்கிடும் ஸ்ப்ளிட்டர் மரம் கட்டக் கிளம்பிவிடுகிறார்கள். தேவையில்லை. முதல் மெஷினின் வயிறு நிரம்பியதும் மிச்சம் அடுத்ததற்குப் போகும், அது நிரம்பியதும் அடுத்தது. மொத்த வரத்து மொத்தத் தேவைக்குக் குறையாமல் இருந்தால் போதும், கொஞ்ச நேரத்தில் எட்டும் ஓடும். காத்திருக்கப் பொறுமை இல்லாவிட்டால் ஒவ்வொரு மெஷினிலும் கையாலேயே ஒரு கை சரக்கு போட்டுவிட்டு வாருங்கள். பெல்ட் நிறைந்து அசையாமல் நிற்பதும் கோளாறு இல்லை. எடுக்க ஆள் இல்லை என்று அர்த்தம், அவ்வளவே.

அந்தக் காத்திருக்கும் நேரத்தில் என்ன செய்வது? வெளியே போங்கள். இந்தக் கேம்களை ஓப்பன் வேர்ல்டு, அதாவது இஷ்டப்படி சுற்றித் திரியலாம், என்று சொல்வது சும்மா இல்லை. சாட்டிஸ்ஃபேக்டரியின் நிலப்பரப்பு கம்ப்யூட்டர் தானாக உருட்டிப் போட்டதல்ல. சுமார் 30 சதுர கிலோமீட்டரும் கலைஞர்கள் கையால் வடிவமைத்தது. இறங்கிய இடத்திலேயே பெட்டிகளை அடுக்கிக்கொண்டு கிடப்பவர்கள் பாதி கேமைப் பார்ப்பதே இல்லை. விழுந்து நொறுங்கிய விண்கலங்கள் ஆங்காங்கே கிடக்கும். அவற்றில் உள்ள ஹார்டு டிரைவை எடுத்து வந்து ஆராய்ந்தால் மாற்றுச் செய்முறைகள் கிடைக்கும். 'காஸ்ட் ஸ்க்ரூ' கிடைத்தால் கம்பி என்ற படியே வேண்டாம், கட்டியிலிருந்து நேரே திருகாணி. மேலே போட்ட கணக்கில் ஒரு வரிசை மெஷின் அப்படியே காணாமல் போகும். கேமில் திரியும் சிலந்திக்குப் பயந்து வெளியே போகாதவர்களுக்கும் வழி வைத்திருக்கிறார்கள். செட்டிங்கை மாற்றினால் சிலந்திகள் இருக்கும் இடத்தில் பூனைப் படம் மிதந்து வரும். அது சிலந்தியை விடப் பயங்கரமாக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இதையெல்லாம் அப்படியே, இதே வகையைச் சேர்ந்த இன்னொரு கேமான ஃபேக்டோரியோவுக்குக் கொண்டுபோகாதீர்கள். பிராக் நகரத்து வூபே சாஃப்ட்வேரின் அந்தக் கேமில் சுரங்கம் வற்றும், புகை பரவும், புகை தங்கள் கூட்டை எட்டியதும் பூச்சிகள் படையெடுத்து வரும். மரங்கள் புகையை உறிஞ்சும் என்பதால், இடம் வேண்டும் என்று காட்டை வெட்டித் தள்ளுவது உங்கள் தலையில் நீங்களே மண் அள்ளிப் போட்டுக்கொள்வது. சாட்டிஸ்ஃபேக்டரி பழக்கத்தில் காவல் போடாமல் நாலா பக்கமும் பரப்பிக் கட்டினாலும் அதே கதிதான். சண்டை பிடிக்கவில்லையா, புதிய உலகம் உருவாக்கும்போதே எதிரிகள் வராதபடி செட்டிங்கை மாற்றிவிடுங்கள். அப்படி ஆடுவது ஆட்டமே இல்லை என்று சொல்பவர்களின் பேச்சைக் காதில் வாங்க வேண்டாம்.

வாங்குவதிலும் ஒரு தவறு உண்டு. சாட்டிஸ்ஃபேக்டரி அவ்வப்போது தள்ளுபடியில் வரும், காத்திருக்கலாம். ஃபேக்டோரியோவுக்குக் காத்திருந்து பயனில்லை. தள்ளுபடியே கிடையாது என்பது வூபேயின் அறிவிக்கப்பட்ட கொள்கை, விலை வருடங்கள் போகப்போக ஏறித்தான் இருக்கிறது. ஆனால் இலவச டெமோ இருக்கிறது. அதை முதலில் ஆடிப் பாருங்கள், மறுநாள் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டிய ராத்திரியில் மட்டும் வேண்டாம்.