லித்துவேனிய வகுப்பறைச் சொற்கள்: பட்டியலை மனப்பாடம் செய்கிறவர்கள் வழுக்கும் இடங்கள்

லித்துவேனியாவின் கவுனாஸுக்கோ வில்னியஸுக்கோ படிக்கப் போகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது ஒரு பட்டியல். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் லித்துவேனியச் சொல். பலகை, சாக்பீஸ், பென்சில், ரப்பர், ஸ்கேல் என்று நாற்பது ஐம்பது இருக்கும். எழுத்துப்பிழைகள் பழகப் பழகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுவோம். வருடக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும் தவறுகள் வேறு.

லித்துவேனியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். இரட்டித்த க்க, த்த எல்லாம் வல்லோசைக்காகத்தான், அழுத்திச் சொல்ல வேண்டாம். த வரும் இடமெல்லாம் நாக்கு பல்லைத் தொட வேண்டும். ஆங்கிலப் பழக்கத்தில் ட ஆக்கிவிடாதீர்கள்.

ஒரு சொல்லுக்கு ஒரே வடிவம்

எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். பென்சிலுக்கு 'பியெஷ்துக்கஸ்' என்று படித்துவிட்டு, எல்லா இடத்திலும் அதையே போடுகிறார்கள். வகுப்பில் ஒருவர் "துர்யு பியெஷ்துக்கஸ்" என்கிறார். ஆசிரியர் புரிந்துகொண்டு தலையாட்டிவிடுகிறார். யாரும் திருத்தாததால் அது அப்படியே உறைந்துபோகிறது. ஆறு மாதம் கழித்து ஐந்நூறு சொல் தெரியும், ஒழுங்கான வாக்கியம் ஒன்று வராது. அந்த ஐந்நூறையும் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும்.

என்னிடம் பென்சில் இருக்கிறது என்றால் 'துர்யு பியெஷ்துக்கா'. இல்லை என்றால் 'நெத்துர்யு பியெஷ்துக்கோ'. இருப்பதற்கு இரண்டாம் வேற்றுமை, இல்லாததற்கு ஆறாம் வேற்றுமை. இரண்டு பென்சில் 'து பியெஷ்துக்கை', பத்துப் பென்சில் 'தெஷிம்த் பியெஷ்துக்கூ'. பத்து முதல் இருபது வரை எண்ணுக்குப் பின்னால் பன்மையின் ஆறாம் வேற்றுமைதான் வரும்.

இதைக் கேட்டதும் பயப்படுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வேற்றுமை உருபு நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது. லித்துவேனியத்தில் வேற்றுமை ஏழு, தமிழ் இலக்கணத்தில் எட்டு. இடத்தைக் குறிக்கும் வேற்றுமைக்கு அங்கே இடம் என்ற சொல்லிலிருந்தே பெயர், கருவிக்குக் கருவியிலிருந்தே பெயர், விளி வேற்றுமைக்குக் கூப்பிடுதல் என்ற வினையிலிருந்தே பெயர். பல்கலைக்கழக ஆசிரியர் 'தேஸ்தீத்தோயஸ்'. அவரைக் கூப்பிடும்போது 'தேஸ்தீத்தோயவ்'. அண்ணன் அண்ணா ஆவதைப் போலத்தான்.

சிக்கல், நடுவில் ஆங்கிலத்தை வைத்துக்கொள்வதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் பலகைக்கு ஒரு முன்னிடைச்சொல் ('on'), நோட்டுக்கு வேறொன்று ('in'). அதை வைத்து யோசிக்கிறவர் 'மேல்' என்று பொருள்படும் 'ஆன்த்' என்ற சொல்லைத் தேடிப்பிடித்துப் பலகைக்கு முன்னால் ஒட்டுகிறார். தமிழில் யோசித்தால் பலகையில், நோட்டில், இரண்டுக்கும் 'இல்'. லித்துவேனியத்திலும் அப்படியே: 'லென்த்தோயெ', 'ஸாஸ்யுவினீயெ'. இரண்டுக்கும் 'யெ'.

இன்னொரு சாதகமும் உண்டு. சாக்பீஸ் 'க்ரெய்த', சாக்பீஸை 'க்ரெய்தா'. எழுத்தில் கடைசி உயிருக்குக் கீழே ஒரு சின்ன வால் முளைக்கும், அவ்வளவுதான். ஒரு காலத்தில் மூக்கொலியைக் குறித்த அந்த வால் இன்று நெடிலைக் குறிக்கிறது. குறில் நெடில் பிரித்துக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது பெரிய விஷயமே இல்லை. நோட்டில் எழுதும்போது வாலை விட்டுவிடுகிறவர்கள்தான் பிறகு குழம்புகிறார்கள்.

ஆகவே ஒரு நாளைக்குப் பத்துச் சொல்லுக்கு மேல் எடுக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி எழுதுங்கள்: இது இன்னது, என்னிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை, பத்து இருக்கிறது. பலகை, நோட்டு, பென்சில் பெட்டி போன்றவற்றுக்கு 'இல்' சேர்த்து ஐந்தாவது வரி. ஆங்கிலப் பத்தியை மடித்துவிட்டு அந்த இடத்தில் தமிழ் வாக்கியத்தை எழுதுங்கள்.

'கேள்' என்ற பொறி

இந்த ஒரு இடத்தில் தமிழ் காலை வாரும். பாட்டையும் கேட்கிறோம், கேள்வியையும் கேட்கிறோம். லித்துவேனியத்தில் காது கொடுப்பது 'க்லவ்ஸீத்தி', வினவுவது 'க்லவ்ஸ்தி'. ஆசிரியர் "க்லவ்ஸீக்கித்தெ" என்றால் காது கொடுங்கள். "க்லவ்ஸ்கித்தெ" என்றால் கேள்வி கேளுங்கள். நடுவில் ஒரு ஈகாரம்தான் வித்தியாசம். இரண்டுக்கும் 'கேளுங்கள்' என்று எழுதிவைத்தவர், ஒலிப்பதிவு ஓடத் தொடங்கும் நேரத்தில் கையைத் தூக்குவார். இங்கே மட்டும் ஆங்கிலப் பத்தியைப் பாருங்கள், அது இரண்டையும் சரியாகப் பிரித்துவைத்திருக்கிறது. தமிழில் எழுதினால் 'செவிகொடு', 'வினவு' என்று எழுதுங்கள்.

திறப்பது எல்லாம் ஒன்றல்ல

ஜன்னலைத் திறக்க 'அத்திதரீக்கித்தெ'. புத்தகத்தைத் திறக்க 'அத்ஸிவெர்ஸ்கித்தெ', அதாவது புரட்டி விரியுங்கள். ஜன்னலுக்குரிய வினையைப் புத்தகத்துக்குப் போட்டால், கதவுக்குத் தாழ் நீக்குவதுபோல் ஒலிக்கும். மூடுவதற்கும் இதே இரண்டு பிரிவு உண்டு.

கற்கிறேனா, கற்பிக்கிறேனா

'மோக்கவ்' என்றால் கற்பிக்கிறேன். 'மோக்கவ்ஸி' என்றால் கற்கிறேன். கடைசி 'ஸி'யை விழுங்கினால், முதல் நாள் அறிமுகத்திலேயே நீங்கள் லித்துவேனியம் கற்பிக்க வந்தவர் ஆகிவிடுவீர்கள். அகராதியில் 'மோக்கீத்தி', 'மோக்கீத்திஸ்' என்று அடுத்தடுத்து இருக்கும். இரண்டையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

கத்தரிக்கோலும் பசையும்

'ஜிர்க்லேஸ்', 'க்லியை': இரண்டும் எப்போதும் பன்மை. ஒருமையைத் தேட வேண்டாம்.

நோட்டு

பள்ளி நோட்டு 'ஸாஸ்யுவினிஸ்'. தைத்தல் என்ற வினை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, சேர்த்துத் தைத்த தாள்கள் என்று நினைவில் வையுங்கள். சட்டைப்பையில் போடும் குறிப்பேட்டுக்கும் மடிக்கணினிக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்கும் ஒரே சொல் வரலாம் என்பதால் பட்டியலில் எது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாணவர்

பள்ளியில் 'மோக்கினீஸ்', பெண் என்றால் 'மோக்கினே'. பல்கலைக்கழகம் போன்ற உயர்கல்வி நிறுவனங்களில் மட்டுமே 'ஸ்துதென்த்தஸ்'.

கிம்நாஸியா

உடற்பயிற்சிக் கூடம் அல்ல, மேல்நிலைப் பள்ளி. விளையாட்டுக் கூடம் 'ஸ்போர்த்தோ ஸாலே'.