சிங்கப்பூர் போய் இறங்கிய முதல் மாதம்: ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஒரு ஞாயிறு

நம் தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் கடல் கிடையாது. தண்ணீர் என்றால் ஒகேனக்கல், கிருஷ்ணகிரி கேஆர்பி அணை. மிஞ்சிப் போனால் பாண்டிச்சேரிக்கு ஒரு நாள் வண்டி கட்டுவோம். அதனால் பெங்களூரில் விமானம் ஏறிச் சிங்கப்பூரில் குடியேறும் நம் வீட்டுப் பிள்ளைகள் பல பேருக்கு அங்கேதான் முதல் கடல். பல வருடம் அங்கே இருந்துவிட்டு இப்போது கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். கிளம்பப் போகிறவர்கள், "ஞாயித்துக்கிழமை பசங்கள எங்கண்ணா கூட்டிட்டுப் போறது?" என்று கேட்டால் செந்தோசா என்கிற சுற்றுலாத் தீவைச் சொல்ல மாட்டேன். அங்கே மணலில் உட்காரக் காசு வேண்டாம்தான், ஆனால் சுற்றியிருப்பது ஒவ்வொன்றுக்கும் டிக்கெட். முதல் சம்பளம் கைக்கு வராத மாதத்தில் பிள்ளை கைகாட்டும் பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டு நடக்க வேண்டிவரும். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குப் போங்கள். வாசலும் இல்லை, டிக்கெட்டும் இல்லை.

185 ஹெக்டேர் பூங்கா, கரையோரமாகவே 15 கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஏ முதல் ஹெச் வரை பகுதி பிரித்திருக்கிறார்கள். முழுவதும் சுற்றிப் பார்க்கலாம் என்று கிளம்பினால் கால்வலிதான் மிச்சம். ஒரு பகுதியை முடிவு செய்துகொண்டு போவது நல்லது. இந்த நிலமே ஒரு காலத்தில் கடல். 1966 முதல் பெடோக், சிக்லாப் பக்கத்துக் குன்றுகளை வெட்டி அந்த மண்ணைக் கொட்டித் தூர்த்த இடம். மண் அரித்துப் போகாமல் கரையை ஒட்டிக் கல் அணைகள் போட்டிருப்பதால் அலை பெரிதாக வராது. இன்னொன்று, நீலக் கடலை எதிர்பார்த்துப் போகாதீர்கள். தண்ணீர் கொஞ்சம் கலங்கல்தான், தூரத்தில் வரிசையாகச் சரக்குக் கப்பல்கள் நிற்கும். என்னைக் கேட்டால் அங்கே கடல் இரண்டாம்பட்சம். சவுக்கும் தென்னையும் நிற்கிற நிழல்தான் முதல்.

அலை இல்லை என்பதற்காகப் பிள்ளையைத் தண்ணீரில் தனியே விட்டுவிடாதீர்கள். பெரியவர் ஒருவர் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். அதுவும் போனை உள்ளே வைத்துவிட்டு.

நம்மவர்கள் அதிகம் புழங்கும் தேக்கா பக்கம் தங்கியிருந்தால் அங்கிருக்கும் லிட்டில் இந்தியா நிலையத்தில் ஊதா நிறப் பாதை ரயில் ஏறி ஊட்ரம் பார்க்கில் மாறி, தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் மரீன் பரேட் அல்லது மரீன் டெரஸில் இறங்கலாம். 2024 ஜூனில்தான் இந்த நிலையங்கள் திறந்தன. அதற்கு முன்னால் பஸ்ஸை நம்பியே இருந்தோம். நிலையத்திலிருந்து அடுக்குமாடிகளுக்கு நடுவே நடந்தால் விரைவுச்சாலை குறுக்கே வரும். சாலையைத் தாண்ட நினைக்க வேண்டாம், அடியில் சுரங்கப்பாதை இருக்கிறது.

சின்னப் பிள்ளைகளுக்கு மரீன் கோவ் விளையாட்டிடம். பெரிய பிள்ளைகளுக்கு பி பகுதியில் கோஸ்டல் பிளேகுரோவ்: 16 மீட்டர் உயரக் கோபுரம், உள்ளே வலை பிடித்து ஏறுவது, மேலிருந்து சறுக்கி இறங்குவது. பக்கத்திலேயே தண்ணீரில் ஆடும் இடமும் உண்டு. இரண்டும் இலவசம். எட்டு, பத்து வயதுப் பையன் பிளேகுரோவைப் பார்த்துவிட்டால் கடல் பக்கமே திரும்ப மாட்டான்.

நம் ஆட்கள் தடுமாறும் இடம் ஒன்றுண்டு, சைக்கிள் பாதை. பூங்கா முழுக்க நடைபாதையும் சைக்கிள் பாதையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். தரையில் சைக்கிள் படம் வரைந்திருக்கும். நாம் ஊரில் பழகியபடி அகலமாக இருக்கிற இடத்தில் குடும்பத்தோடு கைகோத்து நடப்போம். பின்னாலிருந்து மணி அடித்துக்கொண்டே ஒருவர் 25 கிலோமீட்டர் வேகத்தில் வருவார். அந்த வேகத்துக்குச் சட்டப்படி அனுமதி உண்டு, அவர் பேரில் தப்பில்லை. பந்து உருண்டால் பிள்ளை பின்னாலேயே ஓடும், அதுதான் பயம். ஆகவே பாயை விரிக்கும்போதே சைக்கிள் பாதையைத் தாண்டிக் கடல் பக்கமாகப் போய் விரியுங்கள். புல்தரை அழகாக இருக்கிறது என்று நடுவில் உட்கார்ந்தால் மாலை முழுக்க "டேய், நில்லுடா!" என்று கத்துவதிலேயே போய்விடும்.

சாப்பாடு வீட்டிலிருந்தே கொண்டுபோகலாம், யாரும் எதுவும் சொல்லப் போவதில்லை. புளிசாதம், வறுவல், தண்ணீர் பாட்டில் போதும். வாங்கித்தான் சாப்பிட வேண்டும் என்றால் ஈஸ்ட் கோஸ்ட் லகூன் உணவங்காடி நிலையத்தில் சாத்தேயும் (குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி) சுட்ட திருக்கை மீனும் நன்றாக இருக்கும். மரீன் கோவ் விளையாட்டிடத்திலிருந்து பிள்ளைகளோடு நடக்கக் கொஞ்சம் அதிக தூரம். சாப்பிட்ட தட்டை நாமேதான் திருப்பி வைக்க வேண்டும், 2021 செப்டம்பர் முதல் அது கட்டாயம். சைவக்காரர்கள் டிபன் கேரியரை நம்புவதே மேல்.

ஒகேனக்கலில் மீனை வாங்கி அங்கேயே ஒரு அக்காவிடம் கொடுத்தால் அடுப்பு மூட்டிக் குழம்பு வைத்து, வறுத்தும் கொடுத்துவிடுவார். அந்தப் பழக்கத்தில் பூங்காவில் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டிவிடாதீர்கள். மணலில் நெருப்பு கூடாது. பார்பிக்யூ அடுப்புகள் இருக்கின்றன, தேசிய பூங்காக் கழகத்தின் தளத்தில் முன்கூட்டியே பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். விடுமுறை நாள் என்றால் சீக்கிரமே பதிவு செய்துவிடுங்கள். ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கவும் அனுமதிச் சீட்டு வேண்டும்.

காக்கைக்கும் புறாவுக்கும் சோறு வைக்கக் கூடாது, சட்டத்திலேயே தடை. சிகரெட் 2022 ஜூலையிலிருந்து பூங்காவில் எங்குமே கூடாது. குப்பை போட்டு வழக்கு நீதிமன்றம் வரை போனால் முதல் தடவையே 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். இதில் நம்மவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆடி பதினெட்டு வந்தால் ஊர் நினைப்பில் பூ, தேங்காய், விளக்கு எல்லாம் எடுத்துக்கொண்டு கடலில் விடக் கிளம்புவார்கள். நமக்கு அது பூஜை. கரையில் ஒதுங்கினால் அங்கே அது குப்பை. பெரியவர்கள் மனம் கேட்காவிட்டால் கோயிலுக்கு அழைத்துப் போங்கள்.

கிளம்பும் நேரம் பிற்பகல் நான்குக்கு மேல் இருக்கட்டும். பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் வருடம் முழுக்க ஏழு மணியளவில்தான் பொழுது சாயும். மதியம் போனால் வெயிலும் புழுக்கமும் பிழிந்தெடுத்துவிடும். இடி கேட்டால் உடனே மரத்தடியையும் மணலையும் விட்டுவிட்டுக் கூரையுள்ள கட்டடத்துக்குள் போய்விடுங்கள். மின்னல் அங்கே அடிக்கடி வரும் சமாச்சாரம்.

பிள்ளைகளுக்கு மாற்றுத் துணி, ஒரு துண்டு, மணல் ஒட்டிய செருப்பைப் போட ஒரு பை. ஈரத்தோடு ரயில் இருக்கையில் உட்கார வைக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவர் முகமே சொல்லிவிடும். அப்புறம், மிச்சமிருக்கும் புளிசாதத்தை நிலையத்துக்குள் போவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ரயிலில் சாப்பிட்டாலோ குடித்தாலோ 500 வெள்ளி வரை அபராதம். பிள்ளை தண்ணீர் கேட்டாலும் இறங்கிய பிறகுதான்.