பழைய புரோகிராமைத் தூக்கி எறியும் முன்

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு அடிக்கடி ஒரு ஆசை வரும்: "இந்தப் பழைய கோட் சரிப்படாது, முதலிலிருந்து எழுதிவிடலாம்." (கோட் என்றால் புரோகிராமின் வரிகள்.) நன்றாக ஓடிக்கொண்டிருந்த தயாரிப்புகளைப் படுக்க வைத்ததில் இந்த ஆசைக்குப் பெரிய பங்கு உண்டு.

நெட்ஸ்கேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 90களின் நடுவில் இணையம் என்றாலே பலருக்கு அந்த பிரவுசர்தான். 4ஆம் பதிப்பு 1997இல் வந்தது. அதன் கோட் சிக்கலாகிவிட்டது என்று 1998 கடைசியில் அதை ஓரங்கட்டிவிட்டு, கெக்கோ என்ற புதிய எஞ்சினை (இணையப் பக்கங்களைத் திரையில் காட்டும் பகுதி) வைத்து எழுத உட்கார்ந்தார்கள். 5ஆம் பதிப்பு வெளிவரவே இல்லை. 6 வந்தபோது 2000 நவம்பர் ஆகிவிட்டது; அதுவும் மெதுவாக, பிழைகளோடு. விண்டோஸோடு இலவசமாக வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்தான் பெரிய அடி என்பது உண்மை. ஆனால் திருப்பி அடிக்கக் கையில் ஒன்றும் இல்லாமல் போனது இவர்களே தேடிக்கொண்டது. (அதே கெக்கோ 2004இல் ஃபயர்பாக்ஸ் பிரவுசராக எழுந்து வந்தது வேறு கதை.)

பழைய கோட் அசிங்கமாக இருக்கிறதென்றால் அதற்குக் காரணம் இருக்கும். பில் போடும் புரோகிராம் ஒன்றில், எதற்கென்றே புரியாத இரண்டு வரிகளை ஒருமுறை நீக்கினேன். பார்க்கச் சுத்தமாக இருந்தது. மாதக் கடைசியில் கணக்கு சில பைசா உதைத்தது. யாரோ எப்போதோ வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கிச் சேர்த்த வரிகள் அவை.

அடுத்த தவறு, புதியது முழுதாகும் முன்பே பழையதைப் பிடுங்கிக்கொள்வது. ஸ்பீக்கர் தயாரிக்கும் சோனோஸ் 2024 மே மாதம் அவற்றை இயக்கும் புதிய ஆப்பை விட்டது. ஸ்லீப் டைமர், அலாரம் போல தினமும் கைபோகிற வசதிகள் அதில் இல்லை. பழைய ஆப்பையே கொடுங்கள் என்று வாடிக்கையாளர்கள் கத்தினார்கள். அதைத் திரும்பக் கொண்டுவந்தால் நிலைமை இன்னும் மோசமாகும் என்று ஆகஸ்டில் நிறுவனம் கைவிரித்தது. 2025 ஜனவரியில் அதன் தலைமைச் செயல் அதிகாரி பதவி விலகினார்.

சரி, என்னதான் செய்வது? குடியிருந்துகொண்டே ஒவ்வொரு அறையாக வெள்ளையடிப்பதில்லையா, அப்படித்தான். ஒரு பகுதியை மட்டும் மாற்றுங்கள், முதலில் சிலருக்கு மட்டும் திறந்துவிடுங்கள், திரும்பிப் போகும் வழியை அடைக்காதீர்கள். மீட்டிங்கில் காட்டப் பளபளப்பாக எதுவும் இருக்காது என்பதுதான் இதில் கஷ்டம்.