வாலே பிளான்ஷ்: கைடோடு முதல் முறை பனியாற்றில் இறங்குவது எப்படி?

பிரான்சின் ஷமோனி ஊரிலிருந்து கேபிள் காரில் ஏறினால், இருபது நிமிடத்தில் 3842 மீட்டர் உயரத்தில் எகுய் து மிடி சிகரத்தில் நிற்பீர்கள். அங்கிருந்து மோன் பிளாங் மலைத்தொடரின் பனியாறுகள் மேல் ஏறக்குறைய 20 கி.மீ. ஸ்கீயில், அதாவது பனிச்சறுக்குப் பலகையில், இறங்கும் பாதைதான் வாலே பிளான்ஷ். பாதை என்றேனே தவிர, இங்கே கொடிக்கம்பம் கிடையாது, பனியைச் சமன்படுத்தும் வண்டி கிடையாது, ரோந்தும் கிடையாது. ஆஃப்-பிஸ்ட் என்பதற்கு இதுதான் பொருள். முதல் முறை போகிறவர்கள் தகுதி பெற்ற மலை கைடு இல்லாமல் போகவே கூடாது.

முதலில், தகுதி

சிவப்புக் குறியிட்ட, அதாவது ஓரளவு கடினமான, சரிவுகளில் இரண்டு ஸ்கீயையும் இணையாக வைத்து, நினைத்த இடத்தில் திரும்பவும் நிற்கவும் வர வேண்டும். ஸ்கீயையே முதன்முதலாகக் காலில் மாட்டுகிறவருக்கு இது இடமில்லை. சமன்படுத்தாத பனியில் ஒரு காலில் எடையைப் போட்டால் அது புதைந்துவிடும். இரண்டு காலிலும் எடையைப் பகிர்ந்து, பின்னால் சாயாமல், நிதானமான தாளத்தில் திரும்புங்கள். முந்தைய நாள் ஊர்ப் பக்கத்துச் சரிவுகளின் ஓரத்தில் இதைப் பழகிக்கொள்ளலாம்.

பையிலும் உடம்பிலும்

பனியில் புதைந்தவரை ரேடியோ சமிக்ஞையால் கண்டுபிடிக்கும் டிரான்ஸீவர், பனியை அள்ளும் ஷவல், பனிக்குள் குத்திப் பார்க்கும் புரோப் என்னும் மடக்குக் கம்பி. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் பயன். ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் வெறும் சுமை. கூடவே ஹார்னஸ் என்னும் இடுப்புப் பட்டை, பூட்ஸின் அடியில் மாட்டும் கூர்முள் சட்டமான க்ராம்பான், தண்ணீர், கருப்புக் கண்ணாடி. ஹார்னஸை ஊரிலேயே மாட்டிக்கொள்ளுங்கள். பனிப்பிளவில் விழுந்தவரைக் கயிற்றில் கோத்து மேலே இழுக்க அதுதான் பிடி. பைக்குள் கிடந்தால் யாருக்கும் உதவாது. மலை மீட்புச் செலவையும் ஏற்கும் காப்பீடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரான்ஸீவர் பயிற்சி

நிறையப் பேர் அவசரப்பட்டுத் தாண்டிப் போகும் இடம் இது. தயவுசெய்து இங்கே நேரம் கொடுங்கள். பனிச்சரிவு உங்கள் கைடையே மூடிவிட்டால், அவரைத் தோண்டி எடுக்க வேண்டியவர் நீங்கள்தான். முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அதன்பின் மூச்சுத்திணறலால் அந்த வாய்ப்பு மளமளவென்று சரிகிறது. ஹெலிகாப்டருக்குக் காத்திருக்க நேரமில்லை.

கருவியை மேல்சட்டைக்கு உள்ளே கட்டி, ஊரிலிருந்து கிளம்பும்போதே 'அனுப்பு' நிலையில் வைத்துவிடுங்கள். கைபேசி அதிலிருந்து 20 செ.மீ. தள்ளி இருக்கட்டும்; தேடும்போது 50 செ.மீ. நண்பரிடம் இன்னொரு கருவியைப் பையில் போட்டுப் பனியில் புதைக்கச் சொல்லுங்கள். எல்லாரும் 'தேடு' நிலைக்கு மாறிய பிறகு, அம்புக்குறி காட்டும் பக்கம் போங்கள். திரையில் தெரியும் தூர எண் குறைய வேண்டும். 3 மீட்டருக்குள் வந்ததும் கருவியைப் பனியோடு ஒட்டிப் பிடித்து, முன்பின்னாகவும் இடவலமாகவும் மெல்ல நகர்த்துங்கள். எண் மிகக் குறைந்த இடத்தில் தொடங்கி, சுருள் வட்டமாக 25 செ.மீ. இடைவெளியில் புரோப்பைச் சரிவுக்குச் செங்குத்தாகக் குத்துங்கள். தட்டுப்பட்டால் புரோப்பை உருவாதீர்கள்! அதை அடையாளமாக விட்டு, சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து உள்நோக்கித் தோண்டுங்கள். கை தானாக ஓடும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

காலையில்

மெத்தேயோ-பிரான்ஸ் வெளியிடும் பனிச்சரிவு அறிக்கையைப் படியுங்கள். ஆபத்தின் அளவுகோல் 1 முதல் 5 வரை. 3 என்றால் 'நடுத்தரம்தானே' என்று தோன்றும். ஆனால் உயிரிழப்புகள் அதிகம் நடப்பது அந்த நிலையில்தான். கைடு பயணத்தை ரத்து செய்தால் மறுபேச்சு வேண்டாம்.

முகட்டில் இறங்குதல்

மேல் நிலையத்தின் பனிக்குகையை விட்டு வெளியே வந்ததும், இரு பக்கமும் பள்ளமாக ஒரு குறுகிய முகடு. க்ராம்பான் மாட்டி, ஸ்கீயைப் பையில் கட்டி, எல்லாரும் ஒரே கயிற்றில் நடந்து இறங்க வேண்டும். கைடு கடைசியில் வருவார். யாராவது சறுக்கினால் மேலிருந்து கயிற்றைப் பிடிக்க அவர் அங்கே இருந்தாக வேண்டும். முன்னால் இருக்கிறவருக்கும் உங்களுக்கும் நடுவே கயிறு தொய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த உயரத்தில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. மூச்சு வாங்கினால் சொல்லுங்கள். தலைவலியோ குமட்டலோ வந்தால் மறைக்காதீர்கள்.

பனியாற்றின் மேல்

தட்டையாக, அழகாக, ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். அடியில் பிளவுகள் இருக்கும், மேலே மெல்லிய பனிப்பாலம் மூடியிருக்கும். ஆகவே கைடின் தடத்திலேயே வாருங்கள், அவரைத் தாண்டிப் போகாதீர்கள், அவர் கை காட்டும் இடத்தில் மட்டும் நில்லுங்கள். படம் எடுக்கவோ சிறுநீர் கழிக்கவோ கேட்காமல் ஸ்கீயைக் கழற்றாதீர்கள். ஸ்கீ உங்கள் எடையைப் பரப்புகிறது. வெறும் பூட்ஸ் ஒரே புள்ளியில் அழுத்தும். ஜேயான் பனிக்கோபுரங்கள் பகுதியில் பனிக்கட்டிகள் வீடு உயரத்துக்கு நிற்கும். அங்கே வேடிக்கை பார்க்க நிற்காமல் கடந்துவிடுங்கள். சாப்பாடெல்லாம் அதற்குக் கீழேதான்.

வெளியேறுதல்

பனி போதுமான நாளில் ஊர்வரை ஸ்கீயிலேயே போகலாம். பெரும்பாலும் மேர் து கிளாஸ் பனியாற்றிலிருந்து மோன்தான்வேருக்கு ஏறி, அங்கிருந்து பல்சக்கர ரயிலில் திரும்புவதுதான் வழக்கம். பனியாறு கரைந்து தாழ்ந்துகொண்டே போவதால், பனியாற்றிலிருந்து மோன்தான்வேருக்கு ஏற்றிவந்த பழைய கேபிள் காருக்குப் பதிலாக 2024-இல் இன்னும் மேலே தள்ளிப் புதியதைத் திறந்தார்கள். பழைய படிக்கட்டுப் பக்கம், பனியாறு எந்த ஆண்டில் எந்த உயரத்தில் இருந்தது என்று பலகைகள் வைத்திருக்கிறார்கள். அவற்றைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.