டிவிடி-ஆடியோ வட்டுகளுக்கு ஏற்ற பிளேயரைத் தேடுவது எப்படி

டிவிடி வட்டில் உயர்தர இசையைப் பதிவதற்கான டிவிடி-ஆடியோ வடிவத்தின் தொழில்நுட்ப வரையறை 1999இல் வெளியாயிற்று. அதே ஆண்டின் இறுதியில் டிவிடி திரைப்பட வட்டுகளின் பாதுகாப்புப் பூட்டு உடைக்கப்பட்டதால், இசை வட்டுகளுக்கு வேறு பூட்டு தேவைப்பட்டது. பிளேயர்கள் கடைக்கு வர 2000ஆம் ஆண்டு ஆகிவிட்டது. குறுந்தட்டின் எல்லை 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். டிவிடி-ஆடியோவோ ஸ்டீரியோவில் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரையிலும், ஆறு சேனல் சரவுண்டில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரையிலும் ஒலியை இழப்பின்றித் தருகிறது. சோனியும் ஃபிலிப்ஸும் கொண்டுவந்த எஸ்ஏசிடி என்னும் மற்றோர் உயர்தர இசை வட்டோடு மோதியதில் இரண்டுமே பொதுச்சந்தையைப் பிடிக்கவில்லை. எஸ்ஏசிடியாவது மேற்கத்தியச் செவ்வியல் இசை வெளியீடுகளில் இன்றும் தொடர்கிறது. டிவிடி-ஆடியோவில் புதிய வட்டுகள் வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. ஆயினும் அந்தச் சில ஆண்டுகளில் மிகுந்த அக்கறையுடன் உருவாக்கப்பட்ட ஆறு சேனல் கலவைகள் இந்த வட்டுகளில் இருக்கின்றன. அவற்றை அவை பதிவான தரத்திலேயே கேட்க விரும்புவோருக்கு உரிய கருவியைத் தேடும் உழைப்பு வீண்போகாது.

தேடத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் எந்த மாடல் சிறந்தது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பிளேயரிலிருந்து ஒலி எந்த வழியாக வெளியேறி ஆம்ப்ளிஃபையரைச் சென்றடையப் போகிறது? இதற்கு விடை தெரியாமல் வாங்கிய பிளேயர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், வட்டில் உள்ள உயர்தர ஒலி உங்கள் ஒலிபெருக்கிக்கு வந்து சேராமல் போகலாம்.

முதலில் கையிலுள்ள வட்டைச் சரியாக அடையாளம் காணுங்கள். உறையில் டிவிடி-ஆடியோ முத்திரையும், பல வெளியீடுகளில் ‘அட்வான்ஸ்டு ரெசல்யூஷன்’ என்ற குறிப்பும் இருக்கும். கணினியில் போட்டுப் பார்த்தால் இரண்டு கோப்புறைகள் தெரியும்: ஆடியோ_டிஎஸ், வீடியோ_டிஎஸ். உயர்தர ஒலி முதலாவதில் இருக்கிறது. இரண்டாவதில் பெரும்பாலான வட்டுகள் டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் வடிவில் சுருக்கப்பட்ட ஒலியை வைத்திருப்பதால், எந்தச் சாதாரண டிவிடி பிளேயரும் வட்டைப் பாட வைத்துவிடும். பலர் ஏமாறும் இடம் இதுதான். இசை வருகிறது என்பதனாலேயே டிவிடி-ஆடியோ ஒலிக்கிறது என்று ஆகாது. 2004இல் வந்த டூயல்டிஸ்க் வகையில் இன்னும் கவனம் தேவை. அதன் ஒரு பக்கம் டிவிடி, மறுபக்கம் குறுந்தட்டுப் பிளேயருக்கானது. ஆனால் எல்லா டூயல்டிஸ்க்குகளின் டிவிடி பக்கத்திலும் டிவிடி-ஆடியோ பகுதி இருப்பதில்லை. அவை சாதாரண வட்டைவிடச் சற்றுத் தடிமனானவை என்பதால், தட்டு வெளியே வராமல் வட்டை நேரடியாக உள்ளிழுத்துக்கொள்ளும் கருவிகளில் அவற்றைப் போடாதிருப்பதே நல்லது.

இனி ஒலி வெளியேறும் வழிக்கு வருவோம். ஆறு சேனல், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஒலியைச் சுருக்காமல் வைத்தால் நொடிக்கு 13.8 மெகாபிட் தேவை. டிவிடி-ஆடியோ வரையறை அனுமதிப்பதோ அதிகபட்சம் 9.6 மெகாபிட். எனவேதான் மெரிடியன் நிறுவனம் உருவாக்கிய எம்எல்பி என்னும் இழப்பற்ற சுருக்கமுறை இதில் சேர்க்கப்பட்டது. ப்ளூ-ரேயில் வரும் டால்பி ட்ரூஎச்டி பின்னாளில் இதன் மீதே கட்டப்பட்டது. ஆக, எம்எல்பியை விரித்தெடுக்கும் திறன் பிளேயருக்குள்ளேயே இருக்க வேண்டும். விரித்தெடுத்த ஒலியைப் பழைய ஆப்டிகல், கோஆக்சியல் டிஜிட்டல் வழிகளில் முழுத் தரத்துடன் அனுப்பவும் முடியாது: அவை இரண்டு சேனல் பிசிஎம் (சுருக்கப்படாத டிஜிட்டல்) ஒலிக்கு மேல் சுமப்பதில்லை என்பதோடு, நகல் பாதுகாப்புள்ள வட்டுகளில் பிளேயர் தரத்தை 48 கிலோஹெர்ட்ஸுக்கோ அதற்குக் கீழோ குறைத்தே அனுப்புகிறது. எஞ்சுபவை இரண்டு வழிகள்: எச்டிஎம்ஐ, அல்லது பிளேயரின் பின்புறத்தில் உள்ள ஆறு அனலாக் இணைப்புகள். சில பழைய உயர்விலைக் கருவிகளில் ஐ-லிங்க், டெனான் லிங்க் ஆகிய டிஜிட்டல் இணைப்புகளும் உண்டு. ஆனால் அவற்றுக்குப் பொருத்தமான அதே காலத்து ரிசீவரையும் (பல சேனல் ஆம்ப்ளிஃபையர்) சேர்த்துத் தேட வேண்டியிருக்கும் என்பதால், புதிதாகத் தொடங்குபவருக்கு அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை.

வீட்டில் எச்டிஎம்ஐ உள்ள ரிசீவர் இருந்தால் வேலை எளிது. டிவிடி-ஆடியோவைச் சுமக்கும் வசதி 2004இல் வந்த எச்டிஎம்ஐ 1.1 வரையறையில் சேர்க்கப்பட்டது. அதற்குப் பிந்தைய ரிசீவர்கள் பல சேனல் பிசிஎம்மை ஏற்குமா என்று அவற்றின் கையேட்டில் பார்த்துக்கொண்டால் போதும். பிளேயர்களில் சோனியின் யுபிபி-எக்ஸ்700, யுபிபி-எக்ஸ்800, எக்ஸ்800எம்2 ஆகிய 4கே ப்ளூ-ரே மாடல்கள் டிவிடி-ஆடியோ, எஸ்ஏசிடி இரண்டையும் வாசிக்கின்றன. அவற்றில் அனலாக் வெளியீடு கிடையாது; எச்டிஎம்ஐ ரிசீவர் உள்ளவருக்கு அது குறையாகாது. மாடல் பெயரில் ஓர் எழுத்தோ எண்ணோ மாறினாலும் வசதிகள் மாறக்கூடும் என்பதால், வாங்கும் மாடலுக்கு உரிய கையேட்டைத் தரவிறக்கி, அது வாசிக்கும் வட்டுகளின் பட்டியலில் டிவிடி-ஆடியோ என்று வெளிப்படையாக அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ப்ளூ-ரே பிளேயர் எல்லாவற்றையும் வாசிக்கும் என்று கடைக்காரர் சொல்வதை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

அனலாக் வழியை விரும்புவோர், அல்லது எச்டிஎம்ஐ இல்லாத நல்ல பழைய ரிசீவரை வைத்திருப்போர், பயன்படுத்திய கருவிகளின் சந்தைக்குத்தான் போக வேண்டும். இங்கே முதலிடம் ஒப்போ பிளேயர்களுக்கே. பிடிபி-83, பிடிபி-103, பிடிபி-105, யுடிபி-203, யுடிபி-205 ஆகியவை டிவிடி-ஆடியோ, எஸ்ஏசிடி, ப்ளூ-ரே மூன்றையும் வாசிப்பவை, பல சேனல் அனலாக், எச்டிஎம்ஐ இரண்டு வழிகளையும் கொண்டவை. ஒப்போ டிஜிட்டல் 2018இல் புதிய கருவிகள் செய்வதை நிறுத்திக்கொண்டதிலிருந்து இவை எளிதில் மலிவாகக் கிடைப்பதில்லை. அவ்வளவு செலவழிக்க இயலாதவர்கள் டெனான் டிவிடி-2900 போன்ற 2000களின் தொடக்ககாலப் பிளேயர்களைத் தேடலாம். எச்டிஎம்ஐ இல்லாவிட்டாலும் ஆறு அனலாக் வெளியீடுகள் அவற்றில் உண்டு. ஆனால் ரிசீவரின் பின்புறத்தில் ‘மல்டி சேனல் இன்’ அல்லது ‘எக்ஸ்டர்னல் இன்’ என்ற ஆறு உள்ளீடுகள் இருக்கின்றனவா என்பதை முன்னதாகவே உறுதிசெய்துகொள்ளுங்கள். இன்றைய புதிய ரிசீவர்களில் பெரும்பாலானவை அவற்றைக் கைவிட்டுவிட்டன. ஸ்டீரியோ மட்டும் போதும் என்பவருக்கு இந்தக் கவலை இல்லை. இரண்டு ஆர்சிஏ கம்பிகளும் ஒரு சாதாரண ஆம்ப்ளிஃபையரும் போதும்.

பயன்படுத்திய பிளேயரை வாங்கும்போது உங்களிடமுள்ள டிவிடி-ஆடியோ வட்டு ஒன்றையே கொண்டுபோய்ச் சோதியுங்கள். குறுந்தட்டுக்கும் டிவிடிக்கும் லேசரின் அலைநீளம் வேறு என்பதால், குறுந்தட்டைச் சீராக வாசிக்கும் கருவி டிவிடியில் தடுமாறலாம். ஒரு பாட்டோடு நிறுத்தாமல் வட்டின் கடைசிப் பகுதி வரை ஓடவிட்டுக் கேளுங்கள். இரண்டடுக்கு வட்டு இருந்தால் இன்னும் நல்லது. தட்டு தயங்காமல் திறந்து மூடுகிறதா என்றும் பாருங்கள், பழைய கருவிகளில் அதன் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். அசல் ரிமோட் இல்லாத பிளேயரின் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் ஒதுக்கிவிடுவேன், ஏனெனில் முக்கியமான அமைப்புகளில் பல ரிமோட் வழியாகவே எட்டக்கூடியவை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் மின்னழுத்தத்தைக் கவனியுங்கள்: ஜப்பானியக் கருவிகள் 100 வோல்ட்டுக்கும் அமெரிக்கக் கருவிகள் 120 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டவை. பின்புற முத்திரையில் 100–240 என்று இல்லாவிட்டால், நம் 230 வோல்ட்டில் மின்மாற்றி இல்லாமல் செருகவே கூடாது.

கணினி வழியும் ஒன்று உண்டு. சாதாரண டிவிடி டிரைவே வட்டை வாசிக்கும். ஃபூபார்2000 என்ற இலவச மென்பொருளுடன் டிவிடி-ஆடியோவுக்கான கூடுதல் நிரலைச் சேர்த்தால் ஆடியோ_டிஎஸ் பகுதி ஒலிக்கும். பிளேயர் கிடைக்கும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு அது போதுமான ஏற்பாடு.

கருவி வீட்டுக்கு வந்தபின் செய்ய வேண்டிய அமைப்புகள் சிலவே. பிளேயரின் மெனுவில் டிவிடி-ஆடியோ வட்டை எந்த முறையில் வாசிப்பது என்ற தெரிவு இருந்தால், வீடியோ முறையை விட்டு ஆடியோ முறையைத் தேர்ந்தெடுங்கள். எச்டிஎம்ஐ ஒலி வெளியீட்டைப் பிசிஎம் என்று வையுங்கள். வட்டின் பாடல்கள் ‘குரூப்’ என்னும் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். சரவுண்ட் ஒரு தொகுதியிலும் ஸ்டீரியோ வேறொன்றிலும் இருப்பது வழக்கம். தொலைக்காட்சியை இணைத்திருந்தால் வட்டின் மெனுவிலும், இல்லாவிட்டால் ரிமோட்டின் குரூப் பொத்தானிலும் வேண்டியதைத் தெரிவு செய்யலாம்.

பிறகு ரிசீவரின் முகப்பைப் பாருங்கள். எச்டிஎம்ஐ வழியில் பிசிஎம் என்றும் 96 அல்லது 192 கிலோஹெர்ட்ஸ் என்றும் காட்டினால் உயர்தரப் பகுதி ஒலிக்கிறது. டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் என்று காட்டினால் நீங்கள் இன்னும் வீடியோ பகுதியைத்தான் கேட்கிறீர்கள். அனலாக் வழியில் ரிசீவர் எதையும் காட்டாது என்பதால் பிளேயரின் சொந்த முகப்பையோ திரையில் வரும் தகவலையோ பார்க்க வேண்டும். அந்த வழியில் ஒலிபெருக்கிகளின் அளவு, தூரம் ஆகியவற்றையும் பிளேயரின் மெனுவிலேயே அமைக்க வேண்டும், ஏனெனில் பெரும்பாலான ரிசீவர்கள் ஆறு சேனல் உள்ளீட்டை எந்த மாற்றமும் செய்யாமல் நேராக ஒலியளவுக் கட்டுப்பாட்டுக்கு அனுப்பிவிடுகின்றன. சப்-ஊஃபர் (தாழ்ந்த ஒலிகளுக்கான ஒலிபெருக்கி) மட்டும் மெலிந்து கேட்டால் பிளேயரைச் சந்தேகிக்க வேண்டாம்; இந்த உள்ளீட்டில் அதன் அளவு 10 டெசிபல் வரை குறைந்து வருவது வழக்கம், ரிசீவரில் அந்த உள்ளீட்டுக்குரிய சப்-ஊஃபர் அளவை உயர்த்தினால் சரியாகிவிடும்.