மரத்தில் தொங்கவிட ஒரு களிமண் இலை: முதல்முறை செய்பவர்களுக்கு

பூங்கா மரத்தில் தொங்கவிடத்தான் செய்கிறீர்கள் என்றால், மண்ணைத் தொடுவதற்கு முன்பே பூங்காவைப் பராமரிப்பவர்களிடம் எந்த மரம், எந்தக் கிளை, எத்தனை நாள் என்று சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள். கிடைத்துவிட்டதா, சரி.

ஸ்டோன்வேர் என்ற, அதிகச் சூட்டில் கல் போல இறுகும் மண்ணாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரணச் சுடுமண் அழகுதான், ஆனால் சுட்ட பிறகும் நுண்துளைகள் நிறைய இருப்பதால் மழைத்தண்ணீரைக் குடிக்கும். உறைபனி விழும் இடமென்றால் அந்தத் தண்ணீர் பனிக்கட்டியாகிச் சுமார் 9 சதவீதம் விரிந்து, துண்டை உள்ளிருந்தே பிளந்துவிடும். ஸ்டோன்வேர் 1200 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெந்து இறுகுவதால் அந்தப் பயம் குறைவு.

இரண்டு பக்கமும் 6 மி.மீ. கனத்தில் மரச்சட்டம் வைத்து, நடுவில் மண்ணைப் பூரிக்கட்டையால் தேய்த்தால் கனம் சீராக வரும். அதன்மேல் ஒரு நிஜ இலையை, நரம்பு புடைத்த அடிப்பக்கம் மண்ணில் படும்படி வைத்து இன்னொரு முறை தேயுங்கள். கத்தியால் ஓரம் வெட்டிவிட்டு இலையை மெதுவாக உரித்தால், நடுநரம்பிலிருந்து மயிரிழை போன்ற கிளைநரம்பு வரை மண்ணில் அப்படியே பதிந்திருக்கும். எத்தனை செய்தாலும் எனக்கு இந்த நொடி சலிப்பதே இல்லை.

ஓரத்தை ஈரப் பஞ்சால் மழுக்கி, விளிம்பிலிருந்து 2 செ.மீ. உள்ளே துளை போடுங்கள். சுட்டு முடிவதற்குள் மண் 10 முதல் 12 சதவீதம் சுருங்கும், அதனால் துளை தாராளமாகவே இருக்கட்டும். செய்தித்தாள் வைத்து இரண்டு பலகைக்கு நடுவே ஒரு வாரம் காயவிடுங்கள், வெயிலில் வைத்தால் ஓரம் முதலில் காய்ந்து சுருண்டுகொள்ளும்.

முதல் சூடு 1000 டிகிரி அளவில், அப்புறம் கிளேஸ், அதாவது சூட்டில் உருகிக் கண்ணாடி போலப் படியும் பூச்சு, பூசி, மண் இறுகும் அந்த 1200-க்கு மேல் இரண்டாவது சூடு. சூளைத் தட்டில் படும் பக்கத்தில் கிளேஸ் வேண்டாம், உருகி ஒட்டிக்கொள்ளும். சுட்டதை எடைபோட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் துடைத்து மறுபடி எடைபோடுங்கள். 200 கிராம் இருந்தது 204-ஐத் தாண்டினால் இன்னும் தண்ணீர் குடிக்கிறது என்று அர்த்தம், உறைபனியில் வைக்காதீர்கள்.

இனி மரம். ஆணி, திருகு எதுவும் கூடாது. பட்டைக்குச் சற்றுக் கீழேதான் மரத்தைப் பருக்கவைக்கும் உயிரடுக்கும், இலையில் உண்டான உணவை வேர்வரை கொண்டுபோகும் குழாய்களும் இருக்கின்றன. மெல்லிய கம்பியை இறுக்கிக் கட்டினாலும் கிளை பருக்கப் பருக்க அது கழுத்தை நெரிப்பது போலத்தான். மூன்று விரல் அகல நாடாவைக் கிளைமேல் தளர்வாகப் போட்டு, அதிலிருந்து துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் இலையைத் தொங்கவிடுங்கள். காற்றில் ஆடினால் அடிமரத்தில் மோதாத தூரம் வேண்டும், கீழே நடைபாதையோ பெஞ்சோ இருக்கக் கூடாது. மாதம் ஒருமுறை போய் நாடாவுக்கு அடியில் விரலை நுழைத்துப் பாருங்கள், நுழைய மறுத்தால் அன்றே தளர்த்திவிடுங்கள்.