லேப்டாப் ஃபேனில் கை வைக்கும் முன்: கடலோரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரை வெயிலில், ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்திலோ தங்கச்சிமடத்திலோ ஏசி இல்லாத அறையில் லேப்டாப்பைத் திறந்தால், கொஞ்ச நேரத்திலேயே ஃபேன் இரையத் தொடங்கிவிடும். உடனே நம் பிள்ளைகள் தேடுவது ஃபேன் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு மென்பொருளை. தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

ஃபேன் சூட்டை அறைக்காற்றுக்குக் கடத்துகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. அறை 35 டிகிரியில் இருந்தால், எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் ப்ராசஸர் (லேப்டாப்பின் முதன்மைச் சிப்) அதற்குக் கீழே இறங்காது. 24 டிகிரி ஏசி அறையில் 75-இல் நிற்கும் சிப், அதே வேலைக்கு, அதே ஃபேன் வேகத்தில், 35 டிகிரி அறையில் 86-ஐ ஒட்டி நிற்கும். அதனால் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து யாரோ போட்ட ஃபேன் அமைப்பை எடுத்து நம் ஊரில் அப்படியே போடக் கூடாது. இன்டெல் சிப்புகள் பலவும் 100 டிகிரியை ஒட்டித்தான் தாமாக வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. உச்ச வெயிலில், கனமான வேலையில் 85 காட்டினால் பதற வேண்டியதில்லை. சும்மா இருக்கும்போதே 70-ஐத் தாண்டினால்தான் ஏதோ கோளாறு.

மென்பொருளுக்கு வருவோம். லேப்டாப்பில் ஃபேனை இயக்குவது எம்பெடட் கன்ட்ரோலர் என்ற தனிச் சிப். எந்தச் சூட்டுக்கு எந்த வேகம் என்ற அட்டவணையைத் தயாரிப்பாளரே அதில் எழுதி வைத்திருப்பார். அந்த அட்டவணை இருக்கும் இடம் மாடலுக்கு மாடல் மாறும். ஸ்பீட்ஃபேன் மாதிரியான பழைய மென்பொருளுக்குப் புதிய லேப்டாப்புகளின் ஃபேன் பெரும்பாலும் தெரிவதேயில்லை. நோட்புக் ஃபேன் கன்ட்ரோல் போன்றவை நேரடியாக அந்தச் சிப்பிலேயே எழுதும். 'என் மாடல் பட்டியலில் இல்லை, பக்கத்து மாடலைப் போட்டுப் பார்ப்போம்' என்று முயல்வது ஆபத்து. தவறான இடத்தில் எழுதினால் ஃபேன் நின்றுபோகலாம், சார்ஜ் ஏறுவதுகூடத் தடுமாறலாம். லெனோவோ வான்டேஜ், ஆர்மரி கிரேட், எம்எஸ்ஐ சென்டர் என்று உங்கள் தயாரிப்பாளரே தந்திருக்கும் செயலியில் அமைதி, சமநிலை, வேகம் என்ற மூன்று நிலைகளாவது பெரும்பாலும் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். லெனோவோவின் திங்க்பேடில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ஃபேனை 0 முதல் 7 வரை கையால் நிறுத்திவைக்கலாம். 0 என்றால் ஃபேன் சுற்றாது. அதைப் போட்டுவிட்டு மறந்துபோனவர்கள் உண்டு. வேலை முடிந்ததும் 'ஆட்டோ'வுக்குத் திருப்பிவிடுங்கள்.

நம் கரைக்கு மிகப் பெரிய தவறு எது என்று கேட்டால், ஃபேனை எப்போதும் முழு வேகத்தில் ஓடவிடுவதைத்தான் சொல்வேன். வேகம் இரட்டித்தால் காற்று இரண்டு மடங்கு வரும். அதற்கு இழுக்கும் மின்சாரமோ எட்டு மடங்கு. சத்தம் சுமார் 15 டெசிபல் ஏறும், காதுக்கு அது ஏறத்தாழ மூன்று மடங்கு இரைச்சல். கடைசி ஆயிரம் சுற்றுக்குக் கிடைக்கும் பலன் பெரும்பாலும் சில டிகிரிதான். அந்தச் சில டிகிரிக்காக உள்ளே எதை இழுத்துக்கொள்கிறோம் என்பதுதான் என் கவலை.

நம் காற்றில் உப்பு இருக்கிறது. சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கசிந்துவிடும். வாலிநோக்கம் உப்பளத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கடலோர இரவுகளில் அந்த அளவை ஈரம் எளிதாகத் தாண்டும். சிப்பின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் ஹீட்சிங்க்கின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே படிந்த உப்பு இரவில் கசியும், பகலில் சூடேறிக் காயும். ஒவ்வொரு முறையும் தூசியைப் பிடித்துக்கொண்டு இறுகும். செம்பில் களிம்பு ஏறும்; செம்பும் அலுமினியமும் ஒட்டும் இடத்தில் அரிப்பு இன்னும் வேகமாகப் போகும். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு போக்குவரத்தை நிறுத்த வைத்ததும் இந்த உப்பின் அரிப்புதான். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தைத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். இரும்புப் பாலத்தையே தின்ற காற்றைக் காகிதம் போல மெலிந்த தகடுகளுக்குள் தேவையில்லாமல் நாள் முழுக்க ஊத வேண்டுமா? மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணலும் சேர்ந்துகொள்ளும். கடலைப் பார்த்த சன்னலோரம் மேசையைப் போட்டிருப்பவர்கள் அந்த மாதங்களுக்காவது அதை உள்சுவர்ப் பக்கம் நகர்த்திவிடுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறு, சத்தத்துக்கு அஞ்சி ஃபேனை அடக்குவது. ஆன்லைன் வகுப்பு, குரல் பதிவு, பக்கத்தில் தூங்கும் குழந்தை என்று காரணங்கள் நியாயமானவை. ஆனால் ப்ராசஸருக்கு இருக்கும் தற்காப்பு பேட்டரிக்கு அந்த அளவுக்கு இல்லை. தொடர்ந்து சூட்டில் கிடக்கும் லித்தியம் பேட்டரி சீக்கிரம் கிழடாகும். உப்பி டச்பேடையே மேலே தள்ளிவிடும். காதைத் தொந்தரவு செய்வது பெரும்பாலும் ஏறி இறங்கும் சத்தம்தான். 60 டிகிரியில் ஓடி 59-இல் நிற்கும்படி அமைத்தால் ஃபேன் நிமிடத்துக்குப் பல தடவை சீறி அடங்கும். 65-இல் தொடங்கி 55-இல் நிற்கும்படி இடைவெளி விடுங்கள். சீரான மெல்லிய இரைச்சல் கொஞ்ச நேரத்தில் காதுக்குப் பழகிவிடும்.

உண்மையான தீர்வு சூட்டை அதன் பிறப்பிடத்திலேயே குறைப்பது. 15 வாட் என்று எழுதியிருக்கும் சிப்கூட டர்போவில், அதாவது தானாக வேகம் கூட்டும் நிலையில், சில நொடிகளுக்கு 40, 50 வாட் இழுக்கும். ஒரு பக்கத்தைத் திறந்தவுடன் ஃபேன் சீறுவது இதனால்தான். விண்டோஸில் கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் ப்ராசஸரின் உச்ச நிலையை 100-இலிருந்து 99 சதவீதமாக்கினால், பெரும்பாலான லேப்டாப்புகளில் டர்போ நின்றுவிடும். கல்லூரி வேலை, பில் போடுவது, படம் பார்ப்பது எதிலும் பெரிய வித்தியாசம் தெரியாது. அதே இடத்தில் கூலிங் பாலிசி என்று ஒன்று இருக்கும். 'ஆக்டிவ்' ஃபேனை முதலில் ஏற்றும், 'பாசிவ்' ப்ராசஸரை முதலில் மெதுவாக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பின்னால் எது ஓடுகிறது என்றும் பாருங்கள். பல வீடுகளில் குற்றவாளி, மூடாமல் விட்ட முப்பது பிரவுசர் டேப்தான்.

ஏர் கூலரை லேப்டாப் பக்கம் திருப்பி வைப்பதையும் பார்க்கிறேன். தண்ணீர் ஆவியாகித்தான் கூலர் குளிர்விக்கும்; ஈரம் நிறைந்த நம் காற்றில் அது சரியாக நடக்காது. குளிர்ச்சி குறைவு, ஈரம் மட்டும் கூடுதல். அடியில் ஈரத்துணி வைப்பதும் வேண்டாம். தலையணை, மெத்தை மேல் வைத்தால் அடிப்பக்கத் துளைகள் அடைபடும். பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்கி வைத்தாலே போதும்.

சுத்தம் செய்யும்போது ப்ளோயரை நேராக ஃபேனில் அடித்து அது விர்ரென்று சுற்றுவதைப் பார்த்து மகிழாதீர்கள். தாங்கும் வேகத்தைத் தாண்டினால் பேரிங் போய்விடும். லேப்டாப்பை அணைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, இதழை ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு அடியுங்கள். கிரீச் சத்தம் கேட்டால் தேங்காய் எண்ணெயோ தையல் மிஷின் எண்ணெயோ விடாதீர்கள். தூசி அதில் ஒட்டிப் பசையாகும். ஃபேனை மாற்றுவதே சரி.

இறுகிய உப்புப் படிவு ப்ளோயருக்குப் போகாது. ஆல்கஹாலிலும் உப்பு அவ்வளவாகக் கரையாது. ஹீட்சிங்க்கைப் போர்டிலிருந்து தனியாகக் கழற்றி, காய்ச்சி வடித்த நீரில் அலசி, முற்றிலும் உலர்த்தி, சிப்பிலிருந்து ஹீட்சிங்க்குக்குச் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்டைப் புதிதாக வைத்துப் பூட்ட வேண்டும். ராமநாதபுரத்திலோ கீழக்கரையிலோ கடையில் கொடுக்கும்போது "சர்வீஸ் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லாமல், "ஹீட்சிங்க்கைக் கழற்றி உப்பை எடுத்து, பேஸ்ட் மாத்துங்கண்ணே" என்று கேட்டு வாங்குங்கள். தகடுகள் பச்சை பிடித்து உதிரத் தொடங்கியிருந்தால் ஹீட்சிங்க்கையே மாற்றச் சொல்லுங்கள்.